பொருநைக் கரையில் படைக்கல உரிமம்: ஊர் ஆணையும் நாட்டுச் சட்டமும்

ஆழ்வார்திருநகரி என்றவுடன் தமிழ் நெஞ்சங்களில் தோன்றுவன நம்மாழ்வாரும், உறங்காப் புளியும், பொருநை ஆறும், ஏட்டுச் சுவடிகளுமே. டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த காலத்தில் ஏடு தேடி இவ்வூருக்கு வந்ததும், இலக்குமணக் கவிராயர் இல்லத்துச் சுவடிகளைப் பல நாள் புரட்டியதும், தேடிய ஏடு அங்குக் கிட்டாது வருந்திய வேளையில் தேவர்பிரான் கவிராயரிடமிருந்து அது கைக்கு வந்ததும் 'என் சரித்திரம்' கூறும் செய்திகள். இலக்கிய வட்டங்களில் பலமுறை பேசி மகிழ்ந்த செய்திகளும் அவையே.

ஏட்டைப் பேணிய இந்த ஊரைச் சுற்றியிருந்த வட்டாரமோ வேலையும் வெடியையும் பேணிய வட்டாரம். அடுத்திருப்பது ஸ்ரீவைகுண்டம். வடக்கே பாஞ்சாலங்குறிச்சி. வடமேற்கே மணியாச்சிச் சந்திப்பு. தென்கிழக்கே கடலோரத்தில் குலசேகரன்பட்டினம். இந்நான்கு ஊர்களும் இந்திய விடுதலை வரலாற்றில் ஆயுதத்தோடு சேர்த்து எண்ணப்படும் பெயர்கள். ஆதலின், படைக்கலம் வைத்திருக்கும் உரிமை பற்றிய சட்டங்களின் வரலாற்றை இக்கரையில் நின்று நோக்குவது பொருத்தமுடைத்து.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அழகுபடுத்திக் காக்கப்பட்ட வேல்கள் ஒருபுறமும், போரில் சிதைந்து கொல்லன் பட்டறைக்குச் சென்ற வேல்கள் மறுபுறமும் அப்பாட்டில் எதிரெதிரே நிற்கின்றன. அங்கு எழும் வினா, படைக்கலம் பயன்பட்டதா என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வினா வேறாயிற்று. படைக்கலத்தை யார் வைத்திருக்கலாம்? எந்த எல்லைக்குள் வைத்திருக்கலாம்? யாருடைய கையொப்பத்தின் பேரில் வைத்திருக்கலாம்? ஓரிடத்தில் செல்லும் அனுமதி மற்றோரிடத்தில் குற்றமாவது ஏன்? இவ்வினாக்கள் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

காவலும் ஆயுதமும்

நாயக்கர் ஆட்சியில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் எழுபத்திரண்டு பாளையங்களை வகுத்தனர் என்பது வழிவழிச் செய்தி. பாளையக்காரர் வரி திரட்டினர், படை வைத்திருந்தனர், தம் எல்லைக்குள் காவல் பொறுப்பையும் ஏற்றனர். ஒவ்வோர் ஊரின் காவலுக்குத் தலக்காவல் என்றும், பல ஊர்களை உள்ளடக்கிய பரப்பின் காவலுக்குத் தேசகாவல் என்றும் பெயர் வழங்கிற்று. காவலுக்கு ஈடாக ஊரார் தானியமும் பணமும் தந்தனர். களவு போனால் காவற்காரன் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் இழப்பை ஈடுசெய்ய வேண்டும்.

இம்முறையில் ஆயுதத்துக்குத் தனி உரிமம் என்று ஒன்று இல்லை. காவல் பொறுப்பே ஆயுதத்துக்குரிய உரிமம். வேலும் வல்லயமும் வளரியும் வெடித் துப்பாக்கியும் அப்பொறுப்போடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வந்தன. இம்முறை குறையற்றது என்று கூறுவதற்கில்லை. காவற்கூலி சில இடங்களில் மிரட்டிப் பெறும் கூலியாக மாறியதைக் கும்பினியார் தம் ஆவணங்களில் மிகுத்தே எழுதி வைத்தனர். அவர்கள் எழுதியதில் தந்நலம் உண்டு. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் இயலாது.

சிக்கல் தொடங்கியது ஒரே நிலத்துக்கு இரு அதிகாரங்கள் வந்தபோது. ஆர்க்காட்டு நவாபு நாட்டின் தலைவர் என்னும் பெயரோடு இருக்க, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கப்பம் பெறும் அதிகாரம் கிழக்கிந்தியக் கும்பினியிடம் சென்றது. பாளையக்காரர் தம் படையையும் காவலையும் பழைய உரிமை என்று கருதினர். கப்பம் வாங்க வந்த கலெக்டரோ அவற்றைத் தம் அதிகாரத்துக்கு இடையூறு என்று கருதினார். 1798 செப்டம்பரில் வீரபாண்டியக் கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்க நேர்ந்ததும், அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்ததும் இந்த முரணின் வெளிப்பாடே.

1799, 1801: இரு ஆணைகள்

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் நாள், பிற பாளையக்காரர் கூடியிருக்க, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் பானர்மன் வெளியிட்ட அறிவிப்பு, பாளையக்காரர் தம் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. ஒரு பாளையத்தின் குற்றமாகக் கும்பினியார் கருதியதற்கு ஒரு சீமை முழுவதும் ஆயுதம் இழந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஆணை எழுதப்பட்ட அளவுக்கு நிறைவேறவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரையும் உடனிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியேறினர். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மண்ணால் மீண்டும் எழுந்தது. ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கருதப்பட்ட ஆயுதங்களும் மீண்டும் கைகளில் தோன்றின. கோயில் மதில்கள் கோட்டை மதில்களாகப் பயன்பட்ட காலம் அது. ஸ்ரீவைகுண்டம் கோயிலில் இருந்த கும்பினிக் காவற்படை கிளர்ச்சியாளரின் முற்றுகைக்கு உள்ளாயிற்று. ஆழ்வார்திருநகரி மக்கள் இந்நிகழ்ச்சிகளைக் கூப்பிடு தொலைவிலிருந்து கண்டனர் எனலாம். மார்ச்சு 31ஆம் நாள் கோட்டையின்மேல் நிகழ்ந்த தாக்குதல் தோல்வியுற, கர்னல் அக்னியூவின் தலைமையில் மே 24ஆம் நாளே கோட்டை வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

இப்போரில் கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்சு வெல்சு, 1830இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். வல்லயம் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று அவர் அதில் எழுதியிருக்கிறார். நட்போடு கற்றுக்கொடுத்த கலை சில ஆண்டுகளில் குற்றமாக அறிவிக்கப்பட்டது. கற்றுக்கொண்டவர், கற்பித்தவரை எதிர்த்து நின்ற படையில் இருந்தார். வளரி என்னும் கருவி மக்கள் வழக்கிலிருந்து மறையத் தொடங்கியதற்குப் போரில் ஏற்பட்ட தோல்வியைப் போலவே அதன்பின் வந்த ஆணையும் காரணமாயிற்று.

அந்த ஆணை 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு பிரபு வெளியிட்டது. எஞ்சியோருக்குப் பொது மன்னிப்பு வழங்கிய அந்த அறிவிப்பே, ஆங்கில அரசு இசைவளித்தவை நீங்கலாக ஏனைய தாக்குபடைக் கருவிகளின் பயன்பாட்டை ஒழிப்பதாகவும் கூறிற்று. அரசு இசைவளித்தவை நீங்கலாக என்னும் இத்தொடரே தென்னாட்டில் படைக்கல உரிமத்தின் தோற்றுவாய் எனலாம். பொறுப்போடு பிறந்த ஆயுதம், அன்றுமுதல் அனுமதியோடு வரும் ஆயுதமாயிற்று. அதே ஆண்டு சூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் கருநாடகம் முழுவதும் கும்பினியின் நேராட்சிக்கு வந்துவிட்டமையால், இந்த ஆணையை மறுத்துப் பேச வேறோர் அதிகாரமும் எஞ்சவில்லை.

1878: ஒரு சட்டம், பல எல்லைகள்

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் நாடெங்கும் படைக்கலச் சட்டங்கள் வந்தன. 1857இலும் 1860இலும் இயற்றப்பட்டவற்றை அடுத்து, லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் பிறந்தது. எண்பது ஆண்டுக்கு மேல் நிலைத்த சட்டம் இதுவே.

இச்சட்டம் நாடு முழுமைக்கும் பொது என்று பெயர். உள்ளே நோக்கின் அது பல அடுக்குகளைக் கொண்டது. ஆயுதம் தரித்து வெளியே செல்ல எங்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதற்கும் எங்கும் உரிமம் வேண்டும். ஆனால் வாள், ஈட்டி, வில் போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. முந்திய 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆயுதம் பறிக்கப்பட்ட இடங்களிலும், மாகாண அரசு தனியே அறிவித்த இடங்களிலும் எந்த ஆயுதமாயினும் உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம் என்றது பதினைந்தாம் பிரிவு. பாட்டனின் வாள் ஒரு மாவட்டத்தில் குலச்சொத்து; எல்லை கடந்தால் குற்றப்பொருள்.

விலக்குகளோ இதைவிட வியப்பூட்டுபவை. ஐரோப்பியரும் யூரேசியரும் உரிமம் பெறவேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்கப்பட்டனர். பட்டம் பெற்ற அரசர், பெருநிலக்கிழார் சிலரும் அவ்வாறே. பிறப்பும் பட்டமும் உரிமத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இனவேறுபாடு விதிகளிலிருந்து நீங்க முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு நேரெதிர் சான்றாக நிற்பது குடகு. 1834இல் ஆங்கிலேயர் வசமான அந்நாட்டில், 1861ஆம் ஆண்டு தலைமை ஆணையர் மார்க் கப்பன், குடகரின் விசுவாசத்தைப் பாராட்டி அவர்களை ஆயுதப் பறிப்பிலிருந்து விலக்கினார். கைக்கு வாளும் தோளுக்குத் துப்பாக்கியுமாக விழாக் கொண்டாடும் மரபு அங்கு நிலைத்தது. பொருநைக் கரையிலும் அத்தகைய மரபு இருந்தது. ஒன்று நட்புக் காட்டியது, மற்றொன்று எதிர்த்தது. இரண்டுக்கும் கிடைத்த ஆணைகள் அதற்கேற்ப அமைந்தன. குடகருக்கான விலக்கு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. மத்திய அரசு 2019இல் அதனை மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்ததும், கருநாடக உயர்நீதிமன்றம் 2021இல் அவ்விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்ததும் இவ்வரலாற்றின் அண்மை நிகழ்வுகள்.

கவிஞர்களும் இதழாளர்களும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றும் அந்த ஆண்டில் உண்டு. படைக்கலச் சட்டம் பிறந்த அதே 1878இல், மார்ச்சு 14ஆம் நாள், நாட்டுமொழி இதழ்ச் சட்டமும் பிறந்தது. இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய அச்சட்டம் ஆங்கில இதழ்களைத் தொடவில்லை. தென்னாட்டு மொழிகளுக்கும் அதிலிருந்து விலக்கு இருந்தது. வங்காளத்தில் எழுத்துக்கும் தடை, துப்பாக்கிக்கும் தடை. தமிழகத்தில் துப்பாக்கிக்குத் தடை. எழுத்துக்கு அந்தத் தடை இல்லை. இதழ்ச் சட்டம் ரிப்பன் பிரபுவின் ஆட்சியில் 1882இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' தோன்றியது. படைக்கலச் சட்டம் மட்டும் நீங்காது நின்றது.

சென்னையில் எழுந்த குரல்

1887 டிசம்பரில் இந்திய தேசியக் காங்கிரசின் மூன்றாம் மாநாடு பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடியது. படைக்கலச் சட்டம் குறித்த தீர்மானம் அம்மாநாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. இளைஞராயிருந்த விபின் சந்திர பாலர் சட்ட நீக்கத்தை வலியுறுத்திப் பேசினார். கட்டற்ற உரிமை அமைதியைக் குலைக்கும் என அஞ்சியோரும் அவையில் இருந்தனர். முடிவில் நடுவழி ஒன்று ஏற்கப்பட்டது.

அந்நடுவழியின் சாரம் இது: ஆயுதம் வைத்திருக்கவும் தரிக்கவும் எல்லோர்க்கும் உரிமை உண்டு. தனி ஒருவரையோ ஒரு வகுப்பினரையோ தடுக்க வேண்டுமாயின், இந்திய அரசோ அது அதிகாரமளித்த வட்டார அலுவலரோ ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிந்து முறைப்படி வெளியிட வேண்டும்.

இத்தீர்மானம் ஊர் ஆணையை முற்றும் ஒதுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. கலகம் நிகழும் இடத்தில் அங்குள்ள அலுவலர் விரைந்து செயற்பட வேண்டிவரும் என்பதை அது ஒப்புக்கொண்டது. காரணம் சொல்லாத ஆணையை மட்டுமே அது மறுத்தது. பானர்மனின் அறிவிப்பு ஒரு சீமை முழுவதன்மேல் விழுந்தபோது, எதிர்க்காத பாளையத்தின் ஆயுதத்தையும் பறிப்பதற்குத் தனிக் காரணம் ஏதும் காட்டவில்லை. 1887ஆம் ஆண்டுத் தீர்மானம் எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்த அறிவிப்புக்குத் தரப்பட்ட மறுமொழி போல அமைந்தது. 1930 சனவரியில் காந்தியடிகள் இர்வின் பிரபுவின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள்ளும், மக்கள் கட்டுப்பாட்டுக்குட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பது ஒன்றாயிருந்தது. அகிம்சையைத் தம் வழியாகக் கொண்டவரே ஆயுத உரிமம் கேட்டது முரண் போலத் தோன்றலாம். தன் மக்களை நம்பாத அரசு என்னும் குறையையே அவர் சுட்டினார் என்று கொள்வது பொருந்தும்.

மணியாச்சி: மூன்று எல்லைகள்

சென்னை மாநாட்டில் பேசிய விபின் சந்திர பாலரின் பெயர் இருபது ஆண்டுகளுக்குப் பின் நெல்லையில் மீண்டும் ஒலித்தது. 1908 மார்ச்சில் அவரது விடுதலையைக் கொண்டாட முனைந்ததை ஒட்டி வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் 12ஆம் நாள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுந்தனர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஆயுதமற்ற மக்கள் ஒருபுறமும் ஆயுதம் தாங்கிய அரசு மறுபுறமும் நின்ற அக்காட்சி, 1801ஆம் ஆண்டு ஆணையின் நெடுநாள் விளைவு.

மூன்றாண்டுக்குப் பின், 1911 சூன் 17ஆம் நாள், மணியாச்சிச் சந்திப்பில் நெல்லைக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் தம்மையும் சுட்டுக்கொண்டு மாய்ந்தார். இந்நிகழ்ச்சி பலராலும் பலவாறு எழுதப்பட்டுள்ளது. கொலையை அறமென்பாரும் அறமன்றென்பாரும் உளர். இங்கு நோக்க வேண்டியது அக்கைத்துப்பாக்கி கடந்துவந்த எல்லைகளை.

வாஞ்சிநாதன் செங்கோட்டையைச் சேர்ந்தவர். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமத்தானத்துக்கு உட்பட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாளே சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சமத்தானத்துக்குச் சமத்தானச் சட்டம். அவர் சுடக் கற்றது வ.வே.சு. ஐயரிடம், புதுச்சேரியில். அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி; பிரிட்டிஷ் படைக்கலச் சட்டம் அங்குச் செல்லாது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரும் 1908 முதல் 1918 வரை அங்கேயே வாழ்ந்தார். சுட்டுக் கொன்ற இடமாகிய மணியாச்சியோ பிரிட்டிஷ் இந்தியாவின் நெல்லை மாவட்டம். பெல்சியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி, 1878ஆம் ஆண்டுச் சட்டம் வேலியிட்டிருந்த மாவட்டத்துக்குள் அந்த வேலிக்கு வெளியேயிருந்து வந்தது.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பதை வங்காளத்தாரும் அறிந்திருந்தனர். கல்கத்தாவை அடுத்த சந்திரநாகூர் பிரெஞ்சு நகரம். அங்கு ஆயுதம் வாங்குவது எளிதாயிருந்தது. நகரத் தலைவர் தார்திவேல் ஆயுத விற்பனையைத் தடுக்க உள்ளூர் ஆணை பிறப்பித்தபோது, 1908 ஏப்ரலில் புரட்சியாளர்கள் அவர் இல்லத்தின்மேல் வெடிகுண்டு வீசினர். அவர் உயிர் தப்பினார். ஊராட்சித் தலைவர் ஒருவரின் ஆணை, அடுத்திருந்த பேரரசின் சட்டத்தைக் காப்பாற்றும் நிலை அங்கு இருந்தது.

1942 செப்டம்பர் 20ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் உப்புத்துறை அலுவலர் லோன் கொல்லப்பட்டதும், அவ்வழக்கில் காசிராசன், இராசகோபாலன் ஆகிய இருவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டதும் இவ்வட்டாரத்தின் அடுத்த பெருநிகழ்ச்சி. நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயுதம் பறித்த ஆட்சி, பறித்ததன் பயனாக அமைதியைப் பெற்றுவிடவில்லை என்பதற்கு இவையே போதிய சான்று.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலையடைந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே பழைய சட்டம் மாற்றப்பட்டது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்தில் ஆட்சியரும், சென்னை போன்ற பெருநகரில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குவர். உரிமம் செல்லும் எல்லை மாவட்டமாக இருக்கலாம். மாநிலம் முழுதுமாக இருக்கலாம். இந்தியா முழுதுமாகவும் இருக்கலாம். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்று என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது.

உரிமத்தில் எழுதப்படும் எல்லை நிலவரைபடத்தோடு மாறுவது. 1986 அக்டோபரில் நெல்லை மாவட்டம் பிரிந்து, இன்று தூத்துக்குடி மாவட்டம் எனப்படும் மாவட்டம் தோன்றியது. ஒரே ஆற்றின் மேற்கரையூர்களும் கீழ்க்கரையூர்களும் இரண்டு ஆட்சியரின் அதிகாரத்துக்கு உட்பட்டன. மாவட்ட அளவில் உரிமம் பெற்ற ஒருவருக்கு, திருநெல்வேலியும் ஆழ்வார்திருநகரியும் அன்றுமுதல் வேறு வேறு எல்லைகள். பொருநை அறியாத இவ்வெல்லையைத் துப்பாக்கி உரிமம் அறியும்.

இவ்வட்டாரத்தின் உழவுக் கருவியாகிய அரிவாளைப் பற்றியும் கூற வேண்டும். கதிரறுக்கக் கருக்கரிவாள், பனையேறப் பாளையரிவாள், வாழையும் விறகும் வெட்ட வெட்டரிவாள் என வகை பல. வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே அமைந்த கருவிகளை 1959ஆம் ஆண்டுச் சட்டம் படைக்கலம் என்னும் சொல்லுக்குள் அடக்கவில்லை. ஆயினும் அதன் நான்காம் பிரிவு, துப்பாக்கியல்லாத ஆயுதங்களுக்கும் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் உரிமம் தேவை என அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு உருமாறி உயிர்வாழ்கிறது எனலாம். ஒருவன் கையிலுள்ள அரிவாள் வயலுக்குச் செல்வதா, வழக்குக்குச் செல்வதா என்பதைக் கருவியின் வடிவம் சொல்லாது, சூழலே சொல்லும். சூழலைத் தீர்மானிப்பவர் அங்குள்ள காவலர்.

பொதுவான உரிமமும் வட்டார ஆணையும் வெளிப்படையாக மோதுவது தேர்தல் காலத்தில். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு மாவட்ட ஆட்சியர்கள் ஆணையிடுவது தமிழகத்தில் பழகிப்போன நடைமுறை. உரிமம் உயிரோடிருக்கும், துப்பாக்கி மட்டும் கையில் இராது. எல்லோரையும் ஒரே ஆணையால் ஒப்படைக்கச் செய்வது முறையன்று, ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும் எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இதற்கெனக் குழு அமைத்து ஆராயும் முறையைத் தேர்தல் ஆணையமும் வகுத்துள்ளது.

வட்டார ஆணை எப்போதும் வலியவர் பக்கமே நிற்கும் என்று கொள்ளவும் கூடாது. 1995ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளைக் கண்டறியுமாறு மாநில அரசைப் பணிக்கிறது. அப்பகுதிகளில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கவும், தேவையெனில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்காக உரிமம் வழங்கவும் அது இடமளிக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இம்மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையினர் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் சிதைத்த நிகழ்ச்சியை வட்டாரம் மறக்கவில்லை. விதி ஏட்டில் இருக்க, ஊர் நாசமாயிற்று. அங்குச் சிதைத்தவை உரிமம் தேவைப்படாத கைகள்; அரசின் கைகள். ஆயுதச் சட்டம் எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டாலும், அதை நிறைவேற்றுவோரைக் கேள்வி கேட்க வழியில்லையேல் எளியோருக்குக் காப்பு இல்லை.

கடல் கடந்த ஒரு சான்று

இம்முரண் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்ல மாநிலம் முழுதும் செல்லும் அனுமதி உண்டு. ஆயினும் லாஸ் வேகாஸ் நகரை உள்ளடக்கிய கிளார்க் மாவட்டத்தில் ஒவ்வொரு கைத்துப்பாக்கியையும் காவல்துறையில் பதிந்து நீல அட்டை பெறவேண்டும் என்னும் உள்ளூர் விதி நெடுங்காலம் இருந்தது. மாநிலம் நம்பிய ஒருவரை மாவட்டம் மீண்டும் பதிவேட்டில் நிறுத்தியது. 2015இல் மாநிலச் சட்டம் அவ்விதியை நீக்கிற்று. நியூயார்க்கிலோ மாநிலத்தின் பிற பகுதியில் பெற்ற உரிமம், காவல் ஆணையரின் தனி இசைவின்றி நியூயார்க்கு நகரத்துக்குள் செல்லாது.

அங்கு ஆயுதம் அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை. இங்கு அரசு தரும் இசைவு. இவ்வேறுபாட்டை மறந்து இரு நாடுகளையும் ஒப்பிடுதல் தவறு. துப்பாக்கி பெருகியதால் அந்நாடு அடைந்துவரும் துயரமும் சிறிதன்று. நெரிசல் மிக்க நகரத்தின் தேவையும் பரந்த நாட்டுப்புறத்தின் தேவையும் வேறாதலால், உள்ளூர் விதிக்கு நியாயம் உண்டு என்பாரும், மாவட்டந்தோறும் சட்டம் மாறினால் குற்றமறியாதவன் குற்றவாளியாவான் என்பாரும் அங்கும் உளர். இரு தரப்பிலும் உண்மை உண்டு.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றில் தெளிவாவது ஒன்று. படைக்கலச் சட்டத்தின் நடுவே இருக்கும் வினா, அரசு யாரை நம்புகிறது என்பது. கும்பினி பாஞ்சாலங்குறிச்சியை நம்பவில்லை. ஆகவே சீமை முழுவதையும் வெறுங்கையாக்கியது. குடகை நம்பியது; ஆகவே விலக்கு அளித்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் தோலின் நிறத்தை நம்பியது. நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் காரணம் கேட்கும் உரிமை மக்களுக்கு இல்லாதிருந்ததே அவ்வாணைகளின் கொடுமை.

ஆயுதம் பெருகுவது நன்றன்று. பொருநைக் கரையில் அரிவாள் அறுத்த கதிரின் கணக்கோடு, அது அறுத்த உயிரின் கணக்கும் உண்டு. எனவே தடை வேண்டும். சில வேளைகளில் ஊருக்கென்று தனித் தடையும் வேண்டும். ஆனால் 1887இல் சென்னையில் கூடியோர் கேட்டது போல, தடைக்கான காரணம் எழுதப்பட வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு, உரிமம் மறுக்கும் அலுவலர் காரணத்தை எழுத்தில் பதியவும், கேட்டால் சுருக்கமாகத் தரவும் கடமைப்பட்டவர் என்கிறது. பொதுநலன் கருதித் தராமலிருக்கலாம் என்னும் விலக்கும் அதே பிரிவில் உண்டு. மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது பதினெட்டாம் பிரிவு. எழுபத்திரண்டு ஆண்டுகளில் தீர்மானம் சட்டமாகியது. முழுமையாக அன்று, பெரும்பகுதியேனும்.

எழுதப்பட்ட காரணத்தைப் படிக்கலாம், பிழையெனில் மறுக்கலாம், பின்வருவோர்க்குச் சான்றாக வைக்கலாம். எழுதப்படாத காரணம் ஆணையிட்டவரோடு மறைந்துவிடும். ஆழ்வார்திருநகரிக் கவிராயர் இல்லங்கள், தமக்கு உடனடிப் பயன் இல்லாத ஏட்டையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்தன; கேட்டு வந்தவருக்கு எடுத்துத் தந்தன. அரசின் பதிவேடுகளும் அவ்வாறு காக்கப்பட்டு, கேட்டு வந்தவருக்குத் தரப்படும் நாளிலேயே, ஊர் ஆணைக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் இடையே நிற்கும் குடிமகனுக்கு அச்சம் நீங்கும்.